தன்பாலீர்ப்புள்ள அண்டை வீட்டாரோடு அன்பாகப் பழக

முதல் சந்திப்பிலேயே பைபிள் வசனம் வேண்டாம், பெயரைக் கேளுங்கள். இருவர் சேர்ந்து வாழ்ந்தால் இருவரையும் பெயர் சொல்லி விருந்துக்கு அழையுங்கள். ஒருவரை மட்டும் அழைப்பது ஆழமாகப் புண்படுத்தும்.

அவர் மனம் திறந்தால், "என்னை நம்பிச் சொன்னதற்கு நன்றி" போதும். அதைச் சபையில் ஜெபக்குறிப்பாகக்கூடச் சொல்லாதீர்கள். குடும்பத்தார் காதுக்கு எட்டினால் அவர் வீட்டையே இழக்க நேரலாம்.

"ஜெபித்தால் மாறிவிடும்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. இந்த ஈர்ப்பில் மாற்றம் சாத்தியம் என்று 1976 முதல் பரப்பிய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு, 2013-ல் மன்னிப்புக் கேட்டு மூடப்பட்டது.

விசுவாசத்தை ஒளிக்கவும் வேண்டாம். அவர் கேட்டால், நீங்கள் நம்புவதைச் சுருக்கமாக, நேராகச் சொல்லுங்கள். சபைகளுக்குள்ளேயே இதில் கருத்துவேறுபாடு உண்டு என்பதையும் சொல்லுங்கள். பேச்சு எப்படி முடிந்தாலும், அவர் காய்ச்சலில் படுத்தால் சாப்பாட்டோடு போய்க் கதவைத் தட்டுங்கள்.