கலியாணத்தின் முதல் வருடமும் வாலிபர் ஊழியமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு சபையின் வாலிபர் ஐக்கியத்தில் வளர்ந்த இரண்டு பேர் கலியாணம் செய்தால், கலியாணப் பலகாரம் முடியும் முன்னரே ஒரு மூப்பர் வீட்டுக்கு வருவார். "இனி நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து எங்கட பொடியளைப் பாருங்கோ" என்பார். அவர் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கலியாணமாகாத இளைஞன் ஒருவன் பொறுப்பாக இருந்தால், பின்னேரக் கூட்டத்துக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் யோசிப்பார்கள். கணவன் மனைவி என்றால் நம்பி அனுப்புவார்கள். புதுச் சோடிக்கும் அது பெருமையாக இருக்கும். ஓம் என்று சொல்லிவிடுவார்கள்.

நானும் என் கணவரும் அப்படித்தான் ஓம் என்றோம். ஒன்பது வருடம் செய்தோம். வெள்ளிக்கிழமைக் கூட்டம், ஞாயிறு பாடசாலை, ஒளிவிழா என்கிற நத்தார் நிகழ்ச்சி, கரோல், வருடத்துக்கு ஒரு முகாம். அவருக்குப் பகலில் அலுவலக வேலை, எனக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வேலை. ஊழியத்துக்குச் சம்பளம் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்றைக்கும் அக்கா, அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அந்த வேலையை நான் நேசிக்கிறேன். அதனால்தான், தொடக்கத்தில் நாங்கள் விட்ட பிழைகளையும், பிறகு வேறு சோடிகளிடம் கண்ட பிழைகளையும் எழுதுகிறேன்.

வாயை அடைக்கிற ஒரு சொல்

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை இதுதான். மற்றவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கலியாணமாகி நான்காம் மாதம். ஒரு வெள்ளிக்கிழமை நான் புட்டு அவித்து, மீன் குழம்பு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் ஒன்பதரைக்கு வந்தார், மூன்று பொடியன்களோடு. இருந்ததை அவர்களுக்குப் போட்டுக்கொடுத்தேன். அவர்கள் போன பிறகு, "முன்கூட்டி ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்றேன். அவர் கோபிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "நீர் விளங்கிக்கொள்ளும். இது கர்த்தருடைய வேலை."

அதற்குப் பிறகு பல மாதம் நான் வாய் திறக்கவில்லை. கணவர் கூட்டாளிகளோடு கிரிக்கெட் பார்க்கப் போய்ப் பிந்தி வந்தால் மனைவி சண்டை பிடிக்கலாம். அலுவலக வேலை கூடிப்போனால் முறைப்பாடு சொல்லலாம். ஊழியத்தால் பிந்தி வந்தால் என்ன சொல்வது? சொன்னால் கடவுளுக்கு எதிராக முறுமுறுப்பதுபோல் எனக்கே தோன்றியது. இரண்டு வருடம் கழித்துத்தான் அவர் சொன்னார், தனக்கும் அப்படித்தான் இருந்தது என்று. களைத்துப்போன நாட்களிலும், போகவில்லை என்று என்னிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்ததாம். இரண்டு பேரும் களைத்துப்போய், இரண்டு பேரும் மற்றவருக்கு அது தெரியாமல் பார்த்துக்கொண்டு, ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

இதற்கு எங்களுக்கு உதவியது சின்ன விஷயம்தான். வீட்டுக்குள் ஒரு விவாதத்தை முடிக்க "கர்த்தருடைய வேலை" என்ற சொல்லைப் பாவிப்பதில்லை என்று முடிவெடுத்தோம். அதற்குப் பதிலாக உண்மைக் காரணத்தைச் சொல்லவேண்டும். "எனக்கு இன்றைக்குப் போக ஆசை." "போகாவிட்டால் போதகர் என்ன நினைப்பாரோ என்று பயம்." "அந்தப் பிள்ளைக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்." இப்படிச் சொன்னால் கதைக்கலாம், மறுக்கலாம், நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேதாகமத்தில் யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தைத் தலைமைத்துவக் கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். மோசே காலையிலிருந்து மாலைவரை தனியே நியாயம் தீர்ப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை ஏற்படுத்தச் சொல்கிறார். அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்பதை யாரும் வாசிப்பதில்லை. மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும் இரண்டு மகன்களையும் எத்திரோ வனாந்தரத்துக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார். முதலில் குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறார்; வேலையைப் பிரித்துக்கொடு என்ற ஆலோசனை அதற்குப் பிறகுதான். மோசேயின் வேலையும் கர்த்தருடைய வேலைதான். அதிலே குறை சொல்ல ஒரு மாமனார் துணிந்தார், மருமகனும் கேட்டார். உங்கள் முதல் வருடத்தில் அப்படிச் சொல்லக்கூடிய ஒரு மூத்தவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் சபைக் குழுவில் இல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

மிஷனரிக் கதைகளை அளவுகோலாக எடுப்பது

எங்கள் மண்ணில் இந்தக் கதைகளுக்குக் குறைவில்லை. அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலையைத் தொடங்கியது. மிரன் வின்ஸ்லோவும் ஹரியட் வின்ஸ்லோவும் கலியாணமான கையோடு கப்பலேறி, 1820இல் உடுவிலுக்கு வந்தார்கள். 1824இல் அங்கே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை உருவானது. ஹரியட் பிள்ளைகளைப் பறிகொடுத்தார். 1833இல், நாற்பது வயதாகும் முன்னரே, தானும் உடுவிலில் இறந்தார். இதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, வெள்ளிக்கிழமை ஒரு இரவு பிந்துவதைப் பற்றிக் கதைப்பதே கூச்சமாக இருந்தது.

ஆனால் அவர்களுக்கு ஊழியம்தான் முழுநேர வேலை. இருக்க வீடும் செலவுக்குப் பணமும் மிஷன் கொடுத்தது. நீங்களோ எட்டு மணி நேரம் வேறு வேலை செய்துவிட்டு, மிஞ்சியிருக்கும் பின்னேரத்தைக் கொடுக்கிறீர்கள். அந்தத் தியாகத்தை மதியுங்கள். அதை வைத்து உங்கள் மனைவியின் களைப்பை அளக்காதீர்கள்.

தன்னார்வமாகச் செய்கிறவர்களுக்கு அப்போஸ்தலர் 18இல் வரும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கிட்ட. கூடாரம் செய்து பிழைத்தவர்கள். அப்பொல்லோ என்ற ஒரு ஆளைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, பொறுமையாக விளக்கம் கொடுத்தார்கள். புதிய ஏற்பாட்டில் எங்கே பார்த்தாலும் அந்த இரண்டு பெயர்களும் சேர்ந்தே வருகின்றன. எங்கள் சபைகளில் கொஞ்சக் காலத்திலேயே மனைவியின் பெயர் காணாமல் போய்விடும். முதல் பிள்ளை வயிற்றில் வந்தவுடன், "நீர் வீட்டில ஆறுதலாய் இரும்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். அதோடு அவள் முகாமுக்குப் போவதில்லை, திட்டமிடும் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை. ஐந்து வருடம் கழித்து, அவள் ஒருகாலத்தில் பைபிள் வகுப்பு எடுத்தவள் என்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது. கணவர்மாரே, இதைக் கவனியுங்கள். ஒரு மாதத்தில் இரண்டு வெள்ளி நீங்கள் பிள்ளையோடு இருந்தால், அவள் போகலாம்.

படலை எப்போதும் திறந்திருப்பது

வாலிபருக்கு வீடு திறந்திருக்கவேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது யாருடைய வீடு? யாழ்ப்பாணத்தில் பல புதுச் சோடிகள் பெண்ணின் தாய் தகப்பனோடு, அல்லது சீதனமாகக் கொடுத்த வீட்டில் அவர்களுக்குப் பக்கத்தில்தான் இருப்பார்கள். மருமகன் பத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்தால் தேத்தண்ணி ஊற்றுவது மாமி. மருமகனிடம் ஒன்றும் சொல்லமாட்டார். இரவு மகளிடம் சொல்வார். மகள் நடுவில் நிற்பாள்.

கூட்டம் சபை மண்டபத்தில் நடக்கட்டும். வீட்டுக்கு மாதம் ஒரு தடவை, முன்கூட்டியே மாமா மாமியிடம் கேட்டு, பிஸ்கட் பெட்டியும் பால்மாவும் நீங்களே வாங்கிக்கொண்டு வந்து கூப்பிடுங்கள். வாரத்தில் ஒரு பின்னேரம் படலை பூட்டியிருக்கட்டும், போனும் அலுமாரிக்குள் இருக்கட்டும். நாங்கள் செவ்வாய்க்கிழமையை எடுத்தோம். முதல் மாதம் ஏதோ குற்றம் செய்வதுபோல் இருந்தது. பிறகு பிள்ளைகளே, "செவ்வாய் அக்காவையள் வீட்ட போகேலாது" என்று ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கினார்கள்.

கைக்காசு

யாரும் கேட்காமலேயே கை பைக்குள் போகும். முச்சக்கர வண்டிக் காசு, பிரதி எடுக்கிற செலவு, முகாமுக்குக் குறைந்த தொகை, ஒரு பிள்ளையின் ரியூசன் காசு. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், கிடைத்த பெற்றோலையும் கூட்டத்துக்கே எரித்தோம். வருட முடிவில் கணக்குப் பார்த்தபோதுதான் எங்கள் சேமிப்பு எங்கே போனது என்று விளங்கியது. கைக்காசு போட்டுக்கொண்டே இருந்தால், வாலிபர் ஊழியத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது சபைக்குத் தெரியவே வராது. உங்களுக்குப் பின் வருகிறவர் வசதி குறைந்தவராக இருந்தால் அவரால் அதைச் செய்யவே முடியாது. ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொருளாளரிடம் கொடுங்கள். பிறகு அதில் ஒரு பகுதியைக் காணிக்கையாகத் திருப்பிக் கொடுக்க விரும்பினால், இரண்டு பேரும் கதைத்துக் கொடுக்கலாம்.

முகாம் செலவுக்கு மனைவியின் காப்பை அடகு வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். மீட்டுத் தருவேன் என்றுதான் வைத்தார். நகை அவளுடையது. யாழ்ப்பாணத் தமிழரான எங்களுக்குப் பொருந்துகிற தேசவழமைச் சட்டம் கிறிஸ்தவர் சைவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அதன்படி சீதனம் மனைவியின் சொத்து. கலியாணத்துக்குப் பிறகு உழைத்துச் சேர்ப்பது தேடியதேட்டம், அதில் இருவருக்கும் பங்கு உண்டு. சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ அவளுக்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. அப்படியிருக்க, அவள் சுதந்திரமாகப் பாவிக்கக்கூடியது நகை போன்ற அசையும் சொத்துத்தான். அதையும் ஊழியத்தின் பெயரால் கேட்காதீர்கள்.

இருபத்தேழு வயதில் தகப்பனாவது

இது கொஞ்சம் பாரமான விஷயம். எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தகப்பன் வெளிநாட்டில். சிலருக்குத் தகப்பனே இல்லை. யுத்தம் 2009இல் முடிந்தாலும், அது விட்டுப்போன வெற்றிடம் வீடுகளில் இருக்கிறது. அந்தப் பிள்ளை வாலிபர் தலைவரைத் தகப்பன் இடத்தில் வைத்துவிடும். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். காதல் பிரச்சினை, ஏ.எல் பெறுபேறு, வீட்டில் அடி. பதில் போடாமல் படுக்க மனம் வராது.

இங்கே மூன்று பிழைகள் நடக்கும். முதலாவது, பெண்பிள்ளைகளோடு கணவரும் ஆண்பிள்ளைகளோடு மனைவியும் தனியே, நீளமாக, இரவில் கதைப்பது. எண்ணம் சுத்தமாக இருந்தாலும் வேண்டாம். இரண்டாவது, "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று முதலிலேயே வாக்குக் கொடுப்பது. பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்வதாகத் தெரிந்தால், அந்த வாக்கைக் காப்பாற்ற உங்களுக்கு உரிமை இல்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குச் சொல்லவேண்டும், தீங்கு செய்தவர் சபையில் பெரிய மனிதராக இருந்தாலும். மூன்றாவது, ஜெபத்தோடு நிறுத்திக்கொள்வது. சாகவேண்டும்போல் இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் ஜெபியுங்கள், அதோடு வீட்டாருக்குச் சொல்லுங்கள், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். நாங்கள் ஒரு தடவை பிந்தினோம். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்த இரவை நான் மறக்கவில்லை.

இன்னுமொன்று. மேடையில் உங்கள் வீட்டுச் சண்டையை உதாரணமாகச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், மனைவி அடுத்த கிழமைக் கூட்டத்தில் வேறு இடத்தில் போய் இருந்துகொள்வாள்.

"உங்களுக்கு நேரம் இருக்குத்தானே"

பிள்ளை இன்னும் கிடைக்காத சோடிகளிடம் இதைச் சொல்கிறவர்களுக்கு, அது எங்கே போய்க் குத்துகிறது என்று தெரியாது. எனக்குச் சொன்னார்கள். நான் சிரித்துக்கொண்டு கரோல் பட்டியலை வாங்கினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். சபையில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைச் சொல்லவேண்டாம். சோடிகளே, சொன்னால் நீங்கள் அந்தப் பட்டியலை வாங்கவும் வேண்டாம்.

முடிவுத் திகதி இல்லாமல் ஏற்பது

எவ்வளவு காலத்துக்கு என்று கேட்காமல் பொறுப்பெடுத்தால், விடும் நாளில் விசுவாசத்தில் விழுந்துபோனவர்கள் என்ற பெயர்தான் மிஞ்சும். இரண்டு வருடம் என்று எழுத்தில் கேளுங்கள். முதல் வருடத்திலேயே உங்களுக்குக் கீழே இரண்டு பேரைப் பழக்குங்கள். உபாகமம் 24:5இல், புதிதாகப் பெண் கொண்டவன் போருக்குப் போகக்கூடாது, வேறு எந்தப் பொறுப்பையும் அவன்மேல் சுமத்தக்கூடாது, ஒரு வருடம் வீட்டில் இருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தவேண்டும் என்று இருக்கிறது. போருக்கே விலக்குக் கொடுத்த கட்டளை அது.

போன மாதம் ஒரு சோடி வந்தார்கள். கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை. அதற்குள் அவர்கள் பெயர் ஒளிவிழாக் குழுவில் போடப்பட்டிருந்தது. நான் அந்த வசனத்தைக் காட்டினேன். சபைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். தம்பி தயங்கினான், தங்கச்சி பேனையை எடுத்தாள். "ஆறு மாதத்துக்கு நாங்கள் ஆராதனைக்கு மட்டும் வருகிறோம், பிறகு சந்தோஷமாகப் பொறுப்பெடுப்போம்" என்று எழுதினார்கள். போதகர் அதை வாசித்துவிட்டு, ஆறு மாதத்தை வெட்டி, ஒரு வருடம் என்று எழுதிக் கொடுத்தாராம்.