லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு மலிவு விலையில் ஸ்கோப்: வாங்குவது முதல் குறி வைப்பது வரை

லீவர் ஆக்‌ஷனுக்கு ஸ்கோப் வாங்கக் கிளம்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஸ்கோப்பை (குறி பார்க்கும் தொலைநோக்கியை) இல்லை. சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்கூடு எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று பாருங்கள். அது தெரியாமல் ஸ்கோப் வாங்குவது, வாசல் அகலம் பார்க்காமல் கட்டில் வாங்குவது போலத்தான்.

விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை (லீவர்) ஆட்டித் தோட்டா ஏற்றும் இந்தத் துப்பாக்கிகள் பிறந்த காலத்தில் ஸ்கோப் பொருத்துவது பெரும்பாலானோர் நினைப்பில் இல்லை. இரும்பு சைட்டைப் பார்த்துச் சுடுவதற்கென்றே தோளில் பதியும் கட்டையைத் தாழ்வாகச் செதுக்கினார்கள். ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காட்டுக்குள் ஒரு கையில் ரிசீவரை, அதாவது இயங்கும் பாகங்கள் உள்ள நடுப்பகுதியைப் பிடித்தபடி நடக்கலாம். இந்த மூன்றையும் கெடுக்காத ஸ்கோப்தான் நமக்கு வேண்டும். அப்படிப் பார்த்தால் சின்னதும், உருப்பெருக்கம் குறைந்ததும்தான் பொருந்தும். மலிவு விலையில் நல்லதாகக் கிடைப்பதும் அதே ரகம்தான். 16 மடங்கு பெரிதாக்கும் மலிவு ஸ்கோப்பில் கண்ணாடியின் குறையும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். 4 மடங்கில் அதே தரக் கண்ணாடி கண்ணை உறுத்தாது.

படி 1: உங்கள் துப்பாக்கி எந்த ரகம்?

ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94-ன் பழைய துப்பாக்கிகள் காலிக்கூட்டை நேர் மேலே துப்பும். அங்கே ஸ்கோப்பை வைத்தால் கூடு அதில் முட்டித் திரும்ப உள்ளேயே விழும். 1980களின் தொடக்கத்தில்தான் கூட்டைச் சாய்வாக வெளியே வீசும் ‘ஆங்கிள் இஜெக்ட்’ அமைப்பு வந்தது. அதற்கு முந்தைய 94 உங்களிடம் இருந்தால், ஸ்கோப்பை முன்னால் தள்ளிக் குழலின் மேல் பொருத்தும் ‘ஸ்கவுட்’ முறை ஒரு வழி. ஸ்கோப்பைத் தாங்கும் பக்கவாட்டு மவுண்ட்களும் உண்டு. ஆனால் கண்ணும் குழலும் ஒரே நேர்கோட்டில் வராததால் எனக்கு அவை ஒருபோதும் பிடித்ததில்லை. மூன்றாவது வழி, ஸ்கோப்பே வேண்டாம் என்று முடிவு செய்து சிறு துளை வழியே குறி பார்க்கும் நல்லதொரு துளை சைட் போட்டுக்கொள்வது. பழைய 94-ல் மவுண்டுக்காகப் புதிதாகத் துளை போடுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பு சட்டென்று இறங்கிவிடும்.

மார்லின் 336-க்கு இந்தத் தலைவலி இல்லை. 1948-ல் வந்த இந்தத் துப்பாக்கியின் ரிசீவர் மேலே மூடியிருக்கும். கூடு பக்கவாட்டில் வெளியேறும். பிற்காலத்துத் துப்பாக்கிகளில் மவுண்டுக்கான துளைகளும் தொழிற்சாலையிலேயே போட்டு வரும். பிரவுனிங் பிஎல்ஆர், சாவேஜ் 99 ஆகியவையும் ஸ்கோப்புக்கு ஒத்துழைப்பவைதான்.

படி 2: எவ்வளவு தூரம் சுடப் போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு ஆசையைக் கேட்டுப் பதில் சொல்லாமல் தோட்டாவைக் கேட்டுச் சொல்லுங்கள்.

பெரும்பாலான லீவர் ஆக்‌ஷன்களில் குழலுக்குக் கீழே ஒரு குழாய் மேகசின் இருக்கும். அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் ப்ரைமரை, அதாவது அடியில் உள்ள வெடிமூட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால் உதையில் ப்ரைமரைக் குத்திவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் தட்டை மூக்கு குண்டுகள். தட்டை மூக்கு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். ஹார்னடியின் லெவர்எவல்யூஷன் தோட்டாக்களில் இருப்பது போன்ற கூரான, ஆனால் மென்மையான முனைகள் இந்தக் குறையை ஓரளவு சரிசெய்கின்றன.

1895-ல் வந்த .30-30 வின்செஸ்டரையே எடுத்துக்கொள்வோம். 150 கிரெய்ன் எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,390 அடி வேகத்தில் கிளம்பும். 100 கஜத்தில் குறி சரியாக இருந்தால் 200 கஜத்தில் அது சுமார் 8 அங்குலம் கீழே விழும். அதாவது 150 கஜம் தாண்டினாலே கணக்குப் போட்டுச் சுட வேண்டியிருக்கும். .44 மேக்னம், .357 மேக்னம் என்றால் 100 கஜத்தை எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. .45-70 குண்டு கனமானது, இன்னும் வளைந்து பாயும். குழாய் மேகசின் இல்லாத பிஎல்ஆர், சாவேஜ் 99 போன்றவை விதிவிலக்கு. கூர்மூக்குத் தோட்டா போடலாம், எட்டமும் கூடும்.

150 கஜத்துக்குள் நிற்கும் மானைப் பார்க்க எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும்? 4 மடங்கு போதும். உண்மையிலேயே போதும்.

படி 3: எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஸ்கோப் பெட்டியில் 2-7×32 என்று போட்டிருந்தால், 2 முதல் 7 மடங்கு வரை பெரிதாக்கும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 32 மில்லிமீட்டர் என்று பொருள். ஒற்றை எண்ணாக 4×32 என்றிருந்தால் உருப்பெருக்கம் மாறாது. நகரும் பாகம் குறைவு என்பதால் ஒரே விலையில் இந்த மாறா உருப்பெருக்க ஸ்கோப்புகள் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். இப்போது யாரும் அதிகம் விரும்பி வாங்குவதில்லை. அதுவும் நமக்கு நல்லதுதான்.

பெரிய எண் ஏன் வேண்டாம்? பார்வைப் பரப்பு சுருங்குகிறது. 2 மடங்கில் 100 கஜத்துக்கு அப்பால் ஏறத்தாழ 45 அடி அகலம் தெரியும். 9 மடங்கில் அது 10 முதல் 14 அடிதான். 30 கஜத்தில் புதரிலிருந்து ஒரு மான் துள்ளி ஓடும்போது 9 மடங்கில் ஸ்கோப் இருந்தால் உங்களுக்குத் தெரிவது வெறும் பழுப்பு நிற ரோமம். அது தலையா வாலா என்று தேடி முடிப்பதற்குள் மான் போயே போய்விடும்.

முன்கண்ணாடியின் அளவிலும் இதே கதைதான். பெரிய கண்ணாடி நிறைய வெளிச்சம் தரும் என்பார்கள். பாதி உண்மை. கண்ணாடி விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 32 மி.மீ. ஸ்கோப்பை 4 மடங்கில் வைத்தால் 8 மி.மீ. இருட்டில் இளவயதுக்காரரின் கண்பாவை விரிவதே ஏறத்தாழ 7 மி.மீ. வரைதான், வயது ஏற ஏற அதுவும் குறையும். மிச்ச வெளிச்சத்தைக் கண் எடுத்துக்கொள்ள முடியாது. 50 மி.மீ. கண்ணாடிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு இந்தத் துப்பாக்கியில் வீண். வீண் மட்டுமல்ல, தொல்லையும்கூட: பெரிய கண்ணாடிக்கு ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங் உயரமாக வேண்டும், ரிங் உயர்ந்தால் கன்னம் கட்டையை விட்டு மேலே போய்விடும்.

அடர்ந்த காட்டுக்கு 1-4×20 அல்லது 1.5-5×20; எல்லாவற்றுக்கும் ஒன்று என்றால் 2-7×32 அல்லது 33. இதுதான் என் பரிந்துரை. 3-9×40 கடையில் அதிகம் கிடைப்பதாலேயே மலிவாக இருக்கும். பிஎல்ஆர் வைத்திருப்பவர் அதை எடுக்கலாம். மற்றவர்கள் எடுத்தால் குற்றமில்லை. ஆனால் 9-ஐ நீங்கள் பயன்படுத்தும் நாள் அரிது.

படி 4: ஐ ரிலீஃப், அதாவது உங்கள் புருவம்

ஸ்கோப்பின் பின்கண்ணாடிக்கும் கண்ணுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தால் முழுப் படம் தெரிகிறதோ அதுதான் ஐ ரிலீஃப். குறைந்தது 3.5 அங்குலம் வேண்டும். .45-70 என்றால் 4-க்குப் பக்கத்தில் தேடுங்கள். ஸ்கவுட் முறைக்கு 9 அங்குலத்துக்கு மேல் ஐ ரிலீஃப் உள்ள தனி ஸ்கோப் தேவை. சாதாரண ஸ்கோப்பை அங்கே வைத்தால் ஊசித்துளை அளவுக்குத்தான் படம் தெரியும்.

.22 துப்பாக்கிக்கான ஸ்கோப் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று ஒருமுறை நான் .45-70-ல் பூட்டினேன். இரண்டாவது சூட்டில் வலது புருவத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு. இன்றும் தழும்பு இருக்கிறது. அத்தகைய ஸ்கோப்புகளின் பேரலாக்ஸும் (கண் சற்று விலகினாலும் குறி நகராத தூரம்) வழக்கமாக 50 கஜத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும்; பெரிய தோட்டாக்களுக்கானவை பெரும்பாலும் 100 கஜத்துக்கு.

சில ஸ்கோப்புகளில் உருப்பெருக்கம் கூடும்போது ஐ ரிலீஃப் குறையும். பெட்டியில் 3.1-3.9 என்று இரண்டு எண் இருந்தால் சிறியதையே கணக்கில் எடுங்கள்.

படி 5: மற்ற விவரங்கள், சுருக்கமாக

ரெட்டிகிள், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு, எளிமையாக இருக்கட்டும். வெளியே தடித்து நடுவே மெலியும் டூப்ளெக்ஸ் போதும். மங்கிய வெளிச்சத்தில் தடித்த கோடுகள் கண்ணை நடுவுக்கு இழுத்துவிடும். குறிக்கோடுகள் பல கொண்ட ரெட்டிகிள், வேறு தோட்டாவின் பாய்ச்சலை வைத்துக் கணக்கிட்டதாக இருந்தால், .30-30-ல் வெறும் அலங்காரம். லென்ஸ் பூச்சில் ‘ஃபுல்லி மல்டி-கோட்டட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். வெறும் ‘கோட்டட்’ என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஒரே ஒரு பூச்சு இருந்தாலும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். உள்ளே நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்காலக் காலையில் உள்ளே பனி பிடித்துவிடும். ஸ்கோப் குழாயின் விட்டம் 1 அங்குலம் போதும்.

படி 6: காசைப் பிரிப்பது

கையில் உள்ள பணம் முழுவதையும் ஸ்கோப்பில் போடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை மவுண்டுக்கும் ரிங்குக்கும் ஒதுக்குங்கள். ஸ்கோப் மோசம் என்று திட்டுகிறவர்களில் பலருக்கு உண்மையில் ஆடிக்கொண்டிருப்பது ரிங்.

ரிங் உட்காரும் அடித்தளமான பேஸ் இரண்டு வகையில் அதிகம் கிடைக்கும். வீவர் பேஸின் பள்ளம் 0.180 அங்குல அகலம், பிக்கட்டினியில் 0.206. வீவர் ரிங் பெரும்பாலும் பிக்கட்டினியில் உட்காரும். பிக்கட்டினி ரிங் வீவரில் உட்காராமல் போகலாம். ரிங்கின் உயரம் ‘லோ’. அது முடியாவிட்டால் ‘மீடியம்’. ஸ்கோப்புக்கு அடியில் இரும்பு சைட்டும் தெரியும்படி உயர்த்திய ரிங்குகளை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். இரண்டும் கிடைக்கும் என்று நினைத்து வாங்குவோம். கன்னம் கட்டையில் படியாததால் ஒன்றும் ஒழுங்காகக் கிடைக்காது.

பழைய ஸ்கோப்பும் மோசமில்லை. லியுபோல்ட், வோர்டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் கைமாறினாலும் தொடரும் உத்தரவாதம் தருவதால் பழையதைத் துணிந்து வாங்கலாம். காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே எதுவும் உருளக் கூடாது. முன்பக்கத்திலிருந்து விளக்கொளியில் பாருங்கள். மங்கலோ புள்ளியோ தெரியக் கூடாது. புதியதை வாங்கும்போது கடைக்குள் பிரகாசமான விளக்கில் பார்த்து ஏமாறாதீர்கள். எல்லா ஸ்கோப்பும் அங்கே அழகுதான். வாசலுக்கு எடுத்துப் போய், மாலை நேரத்தில் ஒரு மரத்தடி நிழலுக்குள் பார்க்க அனுமதி கேளுங்கள்.

படி 7: பூட்டுவது

முதலில் துப்பாக்கி காலியா என்று பாருங்கள். தோட்டா வெடிக்கும் அறையைப் பார்த்தால் மட்டும் போதாது. குழாய் மேகசினில் ஒன்று ஒளிந்திருக்கலாம், லீவரை ஒருமுறை இழுத்தால் அது அறைக்குள் வந்துவிடும். லீவரைப் பல முறை இயக்கி, விரலாலும் தொட்டுப் பாருங்கள்.

பேஸ் திருகுகளின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். ரிங் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு. அதற்கு மேல் முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். இறுக்கும் முன் ஸ்கோப்பை அதிகபட்ச உருப்பெருக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றுங்கள். கண்ணைத் திறந்ததும் முழு வட்டம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கழுத்தை நீட்டாதீர்கள். ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள்.

அடுத்தது ஹேமர். ஸ்கோப்பின் பின்பகுதி அதன் மேல் வந்து உட்கார்ந்துவிட்டால் கட்டைவிரலுக்கு இடமிருக்காது. பாதி பிடித்த ஹேமர் விரலிலிருந்து நழுவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்கென்றே பக்கவாட்டில் நீளும் ‘ஹேமர் ஸ்பர்’ விற்கிறார்கள். மிகச் சின்ன செலவு. ஸ்கோப்போடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அதைப் பிடித்திருக்கும் குட்டித் திருகு தளர்ந்து தொலைந்துபோவது வாடிக்கை. ஒரு துளி திருகுப் பசை வையுங்கள். பிறகு காலித் துப்பாக்கியில், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, ஹேமரை ஏற்றி மெதுவாக இறக்கும் பழக்கத்தைக் கையுறையோடும் கையுறை இல்லாமலும் செய்து பாருங்கள்.

படி 8: குறி வைப்பது

போல்ட் ஆக்‌ஷனில் போல்ட்டை உருவிவிட்டுக் குழலுக்குள் எட்டிப் பார்த்து ஸ்கோப்பைத் தோராயமாக நேர்செய்யலாம். பெரும்பாலான லீவர்களில் அது நடக்காது. மார்லின் 336 போன்ற சிலவற்றில் லீவர் திருகு ஒன்றைக் கழற்றினால் போல்ட் வெளியே வந்துவிடும். மற்றவர்கள் நேரே 25 கஜத்தில், பெரிய அட்டையில் தொடங்குங்கள்.

கால் எம்ஓஏ (கோண அளவு) ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். 25 கஜத்தில் அதில் நாலில் ஒன்று. ஆகவே 25 கஜத்தில் 1 அங்குலம் நகர்த்த 16 கிளிக், 100-ல் 4 கிளிக். புதியவர்கள் தவறுவது இங்கேதான்: 25-ல் நாலு கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்பார்கள். ஒவ்வொரு முறையும் மூன்று குண்டு சுட்டு, அவற்றின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள். ஒரே ஒரு குண்டை நம்பாதீர்கள்.

ஸ்கோப் குழலுக்கு மேல் ஒன்றரை அங்குல உயரத்தில் இருந்தால், .30-30-ல் 25 கஜத்துக்குச் சரியாக வைத்த குறி 100 கஜத்தில் சுமார் 2 அங்குலம் மேலேயும், 200-ல் சுமார் 4 அங்குலம் கீழேயும் விழும். இந்தக் கணக்கை நம்பிக் காட்டுக்குப் போகாதீர்கள். 100 கஜத்தில் சுட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள். வேட்டைக்கு எடுத்துப் போகும் அதே தோட்டாவால்தான்.

மலிவு ஸ்கோப்பை நம்பலாமா என்று அறிய ஒரு சோதனை. மூன்று குண்டு கொண்ட ஒரு குழுவைச் சுட்டபின் 12 கிளிக் வலது, 12 மேல், 12 இடது, 12 கீழ் என்று ஒவ்வொரு முறையும் சுட்டுக்கொண்டே வாருங்கள். கடைசிக் குழு முதல் குழுவின் மேலேயே விழ வேண்டும். விழாவிட்டால் ரிங்கைச் சரிபார்த்து மறுபடி ஒருமுறை சுடுங்கள். அப்போதும் விழாவிட்டால் ரசீதோடு கடைக்குத் திரும்புங்கள்.

குறி சரியானதும் கிளிக் திருப்பும் டரெட்களின் மூடிகளைப் போட்டுவிட்டு, உருப்பெருக்க வளையத்தை ஆகக் குறைந்த எண்ணுக்குத் திருப்புங்கள். காட்டில் நடக்கும்போதெல்லாம் அது அங்கேயே இருக்கட்டும். தூரத்தில் நிற்கும் மான் வளையத்தைத் திருப்ப நேரம் கொடுக்கும். பக்கத்தில் கிளம்பும் மான் கொடுக்காது.