கல்யாண கேக் மேல வைக்க மாப்பிள்ளை பொண்ணு பொம்மை, நம்ம கோலாலம்பூர் வெயிலுக்கு ஏத்த மாதிரி

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், முகத்தை அச்சு அசலா கொண்டு வரணும்னு உட்காராதீங்க. தலையே ரெண்டு சென்டிமீட்டர் தான் இருக்கும், அதுல மூக்கு சரியில்ல வாய் சரியில்லன்னு நோண்டி நோண்டி களிமண்ணு அழுக்காகும், அவ்ளோ தான். ஆளை அடையாளம் காட்டுறது முடி, கண்ணாடி, தாடி, சேலை பார்டர், ரெண்டு பேருக்கும் உள்ள உயர வித்தியாசம், இது அஞ்சும் தான். அதனால ஆர்டர் எடுக்கும்போதே போட்டோ கேளுங்க, அதுவும் முன்னாடி ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, கொண்டை தெரியிற மாதிரி பின்னாடி ஒண்ணு. எந்த உடுப்புன்னும் கேட்டுக்கோங்க, ஏன்னா இங்க காலையில கோயில்ல முகூர்த்தம், ராத்திரி ஹால்ல டின்னர், கேக் வெட்றது டின்னர்ல, அப்போ பொண்ணு லெஹங்காவுல நிப்பாங்க ஆனா பொம்மைக்கு கூரைச் சேலை தான் வேணும்பாங்க.

களிமண்ணு, ஓவன்ல சுட்டு இறுக வைக்கிற பாலிமர் க்ளே வாங்குங்க. காத்துலயே காயிற ஏர் டிரை க்ளே விலை கம்மி தான், ஆனா காய காய சுருங்கும், வெடிப்பு விடும், நம்ம ஊரு ஈரக்காத்துல காயவும் லேட்டாகும், கிரீம் ஈரம் பட்டா அடிப்பாகம் திரும்ப ஊறி இளகிடும். பாலிமர் க்ளேக்கு அந்த தொல்லை இல்ல, ஓவன்ல வைக்கிற வரைக்கும் இறுகாது, ராத்திரி வேலை முடிச்சு வந்து கொஞ்சம் கொஞ்சமா செய்யலாம். ஆனா வாங்கிட்டு மத்தியானத்துல காருக்குள்ள விட்டுட்டு போகாதீங்க, அந்த சூட்டுலயே பாதி இறுகி பொடிப் பொடியா உதிரும்.

தோல் கலர் தான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். ஸ்கின் கலர்னு விக்கிற பாக்கெட் வெளிறிப்போன ரோஸ், நம்மாளுங்க யாருக்கும் ஒத்துவராது. பிரவுன் எடுத்து, கொஞ்சம் வெள்ளை, ஒரு துளி மஞ்சள் சேர்த்து சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சு ஒரே கலரா ஆக்கி, ஒரு சின்ன துண்டை மட்டும் முதல்ல சுட்டு பாருங்க, வெந்ததும் லேசா கருக்கும். சில அம்மாங்க கொஞ்சம் கலரா பண்ணும்மான்னு சொல்வாங்க, நான் சரி ஆண்ட்டின்னு தலைய ஆட்டிட்டு பொண்ணு என்ன கலரோ அதையே தான் செய்வேன்.

உடம்புக்கு உள்ள முழுசா களிமண்ணு போடாதீங்க, கனமாகி கேக்குல இறங்கிடும். அலுமினியம் ஃபாயிலை நல்லா இறுக்கி கூம்பா உருட்டி, நடுவுல ஒரு கம்பி விட்டு, மேல மூணு மில்லிமீட்டர் களிமண்ணு போர்த்தி, முதல்ல அதை மட்டும் சுட்டு எடுத்துருங்க. ஆறு இன்ச் கேக்குக்கு பத்து சென்டிமீட்டர் உயரம் போதும். வெந்த உடம்பு மேல உடுப்பு போடும்போது நசுங்காது. ஒட்டுறதுக்கு லிக்விட் க்ளே லேசா தடவிக்கோங்க.

சேலைக்கு வருவோம், எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை இது. களிமண்ண ஒரு மில்லிமீட்டருக்கு தட்டையா தேய்ச்சு, பார்டர் பட்டைய வெட்டுறதுக்கு முன்னாடியே ஒட்டி, உருளையால ஒரு தடவை லேசா ஓட்டிட்டா மேடு தெரியாது. முதல்ல இடுப்பைச் சுத்தி ஒரு சுத்து, அப்புறம் ஒரு துண்டை விசிறி மாதிரி மடிச்சு கொசுவமா முன்பக்கம் சொருகணும், கடைசியா முந்தானை, வலது இடுப்புல ஆரம்பிச்சு நெஞ்சுக்கு குறுக்க போய் இடது தோள் மேல பின்னாடி விழணும். இதை மாத்தி போட்டா சொந்தக்காரங்க கேக்கை பாக்க மாட்டாங்க, இதைத் தான் பாப்பாங்க. சரிகைக்கு தங்க கலர் மைக்கா பவுடரை பிரஷ்ல தொட்டு சுடுறதுக்கு முன்னாடியே தடவிருங்க. நகைக்கு மஸ்ஜிட் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஜாக்கெட்டுக்கு வைக்கிற பொடி மணி கிடைக்கும், கண்ணாடி மணியா பாத்து வாங்குங்க, பிளாஸ்டிக் ஓவன்ல உருகிடும்.

மாலை பெருசா போட்டா தாலி செய்ற வேலை மிச்சம், ஆனா பொண்ணு அது எங்கன்னு கேக்கும், அதனால மாலைய கொஞ்சம் விலக்கி ஒரு மஞ்சள் பொட்டு மட்டும் காட்டிருங்க. பூவுக்கு அரிசி அளவு உருண்டைய டூத்பிக்கால அமுக்கினா போதும். மாப்பிள்ளை தாடிக்கு பழைய டூத்பிரஷ்ஷால குத்துங்க, கண்ணாடிக்கு மெல்லிசு கம்பி. வேட்டிய மட்டும் எல்லாத்துக்கும் முன்னாடி செஞ்சு மூடி வைங்க, வெள்ளையில சிவப்பு தூசி ஒட்டுனா போகாது, கைய பேபி வைப்ஸ்ல தொடைச்சுக்கிட்டே இருங்க.

சுடுற சூடு பாக்கெட்டுல போட்டிருக்கும், ஃபிமோ பிராண்டு 110 டிகிரி செல்சியஸ்ல 30 நிமிஷம், ஸ்கல்பி பிராண்டு 135 டிகிரி வரைக்கும் போகும். சின்ன ஓவன்ல நம்பர் ஒண்ணு காட்டும் உள்ள சூடு வேற இருக்கும், அதனால தனியா ஒரு தெர்மாமீட்டர் வைங்க, மேல ஃபாயில் கூடாரம் போட்டா முகம் கருகாது. கருக விட்டா புகை கெட்டது, ஜன்னலைத் திறந்துட்டு வெளிய வந்துருங்க. எடுக்கும்போது மெத்துன்னு இருந்தா பயப்படாதீங்க, ஆறினா தான் இறுகும்.

பாலிமர் க்ளே கேக் மேல நேரா படக்கூடாது லா, சாப்பாட்டுக்கு ஆனது இல்ல. ஒரு வட்ட அக்ரிலிக் தட்டுல ஒட்டி அதை கேக் மேல வைக்கச் சொல்லுங்க, கம்பி கீழ நீட்டினா ஸ்ட்ராவுக்குள்ள விட்டு சொருகணும். ஃப்ரிட்ஜ்ல இருந்து வந்த கேக் ஹால் வாசல்லயே வேர்க்கும், அது அடங்கினதும் கடைசியா வைங்க. வெட்டுறதுக்கு முன்னாடி எடுத்து டப்பாவுல போடுற பொறுப்பை பொண்ணோட தங்கச்சிகிட்ட குடுங்க, மாப்பிள்ளை கூட்டாளிங்க கிட்ட வேணாம்.