கடைசி வீட்டில் மாட்டிக்கொண்டால்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் ‘4டி’ என்றால் நான்கு இலக்க லாட்டரி; என்ன நம்பர் எடுத்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். அந்த 4டியில் மொத்தமே 10,000 எண்கள். என்னைத் தூங்கவிடாத 4டி வேறு. டான் ஹாட்ச், மெலிண்டா கிரீன் இருவரும் எழுதிய மேஜிக் கியூப் 4டி என்ற மென்பொருளில், திரையில் மட்டுமே சுழலும் நான்கு பரிமாண ரூபிக் கியூப். அது கலைந்து கிடக்கக்கூடிய விதங்களை எண்ணினால் 121 இலக்கம் வரும். பகலில் தோட்டத்து எடைப்பாலத்தில் செம்பனைக் குலை லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்தால் இதுதான்.

போன வாரம் ஈப்போவில் படிக்கும் மருமகன் கூப்பிட்டான். “மாமா, எல்லாம் முடிஞ்சிருச்சு. மூணு நிறத் துண்டு ரெண்டு மட்டும் இடம் மாறிக் கிடக்கு. புரோகிராம் கோளாறு போல.” இருநிறத் துண்டு எதையோ நீ சரியாகப் பார்க்கவில்லை என்று போனிலேயே சொல்லிவிட்டேன். எப்படித் தெரிந்தது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இந்தக் கியூபை நான் பிறந்த லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், மாதிரி நினைத்துக்கொள்வேன். எட்டு வீடு, வீட்டுக்கு ஒரு நிறம், ஒவ்வொன்றும் 3×3×3. இரண்டு வீட்டுக்குப் பொதுவான இருநிறத் துண்டு 24, மூன்று நிறம் 32, நான்கு நிறம் 16. இதே வரிசையில்தான் அடுக்குவேன்: இருநிறம் எல்லாம், பிறகு மூன்று, கடைசியில் நான்கு. ஒரு வீட்டைக் கால் திருப்பு திருப்பினால் அதிலுள்ள இருநிறத் துண்டுகளில் நான்கு ஒரு வட்டமாக நகரும். மூன்று நிறம் மூன்று வட்டம், நான்கு நிறம் இரண்டு வட்டம். நான்கு பேர் வட்டமாக இடம் மாறுவது மூன்று தடவை ஜோடி மாற்றிக்கொள்வதற்குச் சமம். அதனால் ஜோடி மாற்றங்களை எண்ணினால் இருநிறமும் மூன்று நிறமும் ஒற்றைப்படை, இரட்டைப்படையில் எப்போதும் சேர்ந்தே போகும். நான்கு நிறம் என்றைக்கும் இரட்டைப்படைதான். மூன்று நிறத்தில் இரண்டு மட்டும் மாறிக் கிடக்கின்றன என்றால் இருநிறத்திலும் ஒரு ஜோடி மாறியிருக்க வேண்டும்.

திரையில் தெரிவது ஏழு வீடு. நம் பக்கம் இருக்கும் எட்டாவது தெரியாது. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் வேண்டிய வீடு நடுவுக்கு வரும். பையன் எட்டாவதைக் கொண்டுவந்து பார்க்கவே இல்லை. அங்கே சிவப்பு, ஆரஞ்சு இருநிறத் துண்டுகள் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. இப்படி ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு கால் திருப்பு கொடுத்துவிட்டு இருநிறத்தை மறுபடி அடுக்க வேண்டும். அப்புறம் மூன்று நிறம், மூன்று துண்டுகளை வட்டமாக இடம் மாற்றும் வழக்கமான மாற்றத்திலேயே அடங்கிவிடும்.

அடுத்தது, என்னை இரண்டு மாதம் அலைக்கழித்த நிலை. எல்லாம் சரி, ஒரே ஒரு மூன்று நிறத் துண்டு மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்று நிற்கும். சாதாரண கியூபில் ஒரு மூலை மட்டும் சுழன்றிருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே நினைப்பில் இரண்டு முறை எல்லாவற்றையும் கலைத்துவிட்டேன், முட்டாள். நான்கு பரிமாணத்தில் இது வரும், தீரவும் தீரும்.

அந்தத் துண்டு மஞ்சள், பச்சை, நீலம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு கோர்வை, அதாவது வரிசையான திருப்பங்கள், வேண்டும்: இதில் பச்சையையும் நீலத்தையும் மாற்றி, இன்னொரு துணைத் துண்டிலும் இரண்டு நிறத்தை மாற்றி, வேறெதையும் தொடாத கோர்வை. கடைசி வீட்டில், அதாவது கடைசியாக அடுக்கும் வீட்டில், இந்தத் துண்டை மட்டும் புரட்டும் திருப்பங்களைச் செய்யுங்கள்; மற்ற வீடுகள் கலைந்தால் கலையட்டும். பிறகு கடைசி வீட்டைத் திருப்பித் துணைத் துண்டை அதே இடத்துக்குக் கொண்டுவந்து, அந்தத் திருப்பங்களைப் பின்னாலிருந்து எதிர்த்திசையில் செய்து, வீட்டையும் பழையபடி திருப்புங்கள். கலைந்ததெல்லாம் கூடிவிடும். கம்யூட்டேட்டர் என்பார்களே, அதுதான்.

கோர்வையை ஒரு முறை ஓட்டுங்கள். பிறகு நம் துண்டுக்கு நீல வீட்டில் இருக்கும் ஸ்டிக்கரைக் கிளிக் செய்யுங்கள். மூன்று நிற ஸ்டிக்கரைக் கிளிக் செய்தால் வீடு அரைச் சுற்று திரும்பும், துண்டின் மற்ற இரண்டு நிறமும் இடம் மாறும். மறுபடி கோர்வை. மறுபடி அதே கிளிக். துணைத் துண்டு இரண்டு தடவை புரண்டு பழையபடி நிற்கும், நம் துண்டு மட்டும் ஒரு படி சுழன்றிருக்கும். எதிர்ப்பக்கம் சுழன்றால் மொத்தத்தையும் இன்னொரு முறை செய்தால் போதும். ஒன்றில் மட்டும் கவனம்: துணைத் துண்டு நீல வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் அதுவும் கிளிக்கில் நகர்ந்து கணக்கு கெட்டுவிடும்.

நான்கு நிறத்தில் வேறு சட்டம். ஒரு துண்டு தனியாகக் கெட்டிருந்தால் அதன் நான்கு நிறமும் ஜோடி ஜோடியாக மாறியிருக்கும். மூன்று நிறம் மட்டும் சுற்றியிருந்தால் வேறெங்கோ இன்னொன்றும் சுற்றியிருக்கிறது, தேடுங்கள்.

கோர்வையை மேக்ரோவாக, அதாவது மென்பொருளே மறுபடி ஓட்டித் தரும் பதிவாக, வைத்துக்கொள்ளுங்கள். பதியும்போது குறித்த ஸ்டிக்கர்களை ஓட்டும்போதும் அதே வரிசையில் குறிக்க வேண்டும். தீர்ந்த கியூபில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம் கோப்பைச் சேமியுங்கள். எங்கள் பக்கம் சாயங்காலம் இடி இடித்தால் கரண்ட் போய்விடும். நான்கு நிறத்தில் மூன்று துண்டு மட்டும் பாக்கி இருந்தபோது எனக்கு அப்படித்தான் போனது.