எம்ஜிபி காரின் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரை டியூன் செய்வது எப்படி? கடைசி வேலையைக் கடைசியில் செய்யுங்கள்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரில்தான். சிக்னலில் அணைந்துபோகிறதா, ஏற்றத்தில் திணறுகிறதா, கறுப்பாகப் புகைகிறதா, உடனே அந்த இரண்டு கார்புரேட்டர்களின் அடியில் இருக்கும் நட்டைத் திருகத் தொடங்கிவிடுவார்கள். கோளாறு பாயிண்டில் (ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும், டாப்பட்டில் (வால்வு இடைவெளி) இருக்கும். பாவம், நன்றாக இருந்த கார்புரேட்டரும் அதோடு சேர்ந்து கலைந்துபோகும்.

எஸ்யூ கார்புரேட்டர் அவ்வளவு எளிதில் தானாகச் செட்டிங் மாறும் சாமான் அல்ல. அதனால் இந்த விளக்கத்தில் கார்புரேட்டர் பாதி தூரம் கடந்த பிறகுதான் வரும். அவசரப்பட்டு அங்கே தாவாதீர்கள்.

எந்த வண்டிக்கு இது?

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி என்பதால் உதிரி பாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. இன்ஜின் 1798 சிசி, பி-சீரிஸ் என்ற குடும்பம். நம் ஊர் அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான். அம்பாசடரில் கை பழகிய மெக்கானிக்குக் கீழே சொல்லும் பல வேலைகள் புதிதாக இருக்காது.

இங்கே சொல்வது 1960-களின் வண்டிகளில் வந்த எச்எஸ்4 என்ற எஸ்யூ மாடலுக்கு. 1970-களின் தொடக்கத்தில் எச்ஐஎஃப்4 வந்தது. அதில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு பக்கவாட்டில் இருக்கும், வேலை முறையும் கொஞ்சம் மாறும். அமெரிக்காவுக்குப் போன பிற்கால வண்டிகளில் எஸ்யூவே கிடையாது, ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்தான்.

சாமான்கள் அதிகம் தேவையில்லை: ஃபீலர் கேஜ், தட்டைத் திருப்புளி, 12 வோல்ட் டெஸ்ட் லைட், இரண்டடி ரப்பர் குழாய், இருபதாம் நம்பர் இன்ஜின் ஆயில் கொஞ்சம், தீயணைப்பான் ஒன்று. ஸ்பேனர் மட்டும் அங்குல அளவில் வேண்டும். அரை அங்குல நட்டுக்கு 13 மி.மீ. ஸ்பேனர் பொருந்துவது போலத்தான் இருக்கும், இறுகிய நட் என்றால் முனை மழுங்கிவிடும்.

இன்னொன்று. 1967 இறுதிக்கு முன் வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பின்னால் யாராவது மாற்றியும் இருக்கலாம். எதையும் இணைக்கும் முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

டாப்பட்

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முந்தைய இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பது உத்தமம். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள், இன்ஜினைச் சுற்றுவது எளிதாகும். சமதரையில் டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினாலே இன்ஜின் சுற்றும்.

இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரைத் தூக்கினால் எட்டு வால்வுகள் வரிசையாகத் தெரியும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1, 2, 3 என்று எண்ணிக்கொள்ளுங்கள். இப்போது ஒரு சுலபக் கணக்கு: முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9-லிருந்து கழித்தால், சரிபார்க்க வேண்டிய வால்வு கிடைக்கும். 8 திறந்திருந்தால் 1-ஐப் பாருங்கள். 6 திறந்திருந்தால் 3. இப்படியே எட்டையும் முடிக்கலாம்.

வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். பிற்கால இன்ஜின் சிலவற்றுக்கு அளவு வேறு, உங்கள் இன்ஜின் எண்ணை வைத்து மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து நகரும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை கேஜை விட்டுப் பாருங்கள். சத்தம் வருகிறதே என்று இடைவெளியைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். இறுக்கமான வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். லேசான டிக் டிக் சத்தம் இந்த இன்ஜினின் பிறவிக் குணம்.

மூடும்போது ராக்கர் கவர் நட்டை முரட்டுத்தனமாக முடுக்காதீர்கள். தகரம் வளைந்தால் எந்தக் கார்க் கேஸ்கெட்டும் ஆயிலைத் தடுக்காது.

பிளக், பாயிண்ட்

பிளக் இடைவெளி 0.025 அங்குலம். நான்கின் நிறத்தையும் பார்த்துக் குறித்து வையுங்கள், பின்னால் கலவையைப் பார்க்கும்போது உதவும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டரையும் எடுத்தால் பாயிண்ட் தெரியும். முகப்பில் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தால் தேய்த்துக்கொண்டிருக்காமல் புதிது போடுங்கள். பாயிண்டின் குதி கேமின் உச்சியில் நிற்கும் வரை இன்ஜினைச் சுற்றி, இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வையுங்கள். கேமில் துளி கிரீஸ், ரோட்டர் உட்காரும் தண்டின் நடுவில் இரண்டு சொட்டு ஆயில். அதற்கு மேல் வேண்டாம், பாயிண்டில் ஆயில் பட்டால் ஸ்பார்க் கெட்டுவிடும்.

புதிய சாமான் என்றால் நல்ல சாமான் என்று நம்பிவிடாதீர்கள். இப்போது கிடைக்கும் மலிவான ரோட்டர்களும் கண்டென்சர்களும் பழசைவிடச் சீக்கிரம் போய்விடுவது இந்த வட்டாரத்தில் எல்லோரும் புலம்பும் விஷயம். ஓடிக்கொண்டிருந்த பழைய ரோட்டரைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வையுங்கள்.

டைமிங்

பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது ஸ்பார்க் வரும் நேரமும், மாறும். அதனால் இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும்.

கிராங்க் புல்லியில் ஒரு வெட்டு இருக்கும், டைமிங் கவரில் அம்பு போன்ற குறிகள் இருக்கும். தொடக்கால வண்டிகளில் அந்தக் குறிகள் புல்லியின் அடிப்பக்கம் மறைந்திருக்கும், டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். நீளமான குறி பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம். மற்றவை அதற்கு 5, 10 டிகிரி முன்னால்.

தொடக்கால ஹை கம்ப்ரஷன் இன்ஜினுக்கு, வண்டி ஓடாத நிலையில் வைக்க வேண்டிய டைமிங் 10 டிகிரி முன்னால். ரேடியேட்டர் பக்கத்து முதல் சிலிண்டரின் கம்ப்ரஷனில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் மேலேறும்போது) புல்லி வெட்டை அந்தக் குறிக்கு நேராக நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் சின்ன ஒயர் முனைக்கும் பாடிக்கும் இடையில் டெஸ்ட் லைட்டை மாட்டி, சாவியைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்பைத் தளர்த்தி உடலை மெல்லத் திருப்புங்கள். பாயிண்ட் திறக்கும் கணத்தில் விளக்கு எரியும். அங்கே நிறுத்தி இறுக்குங்கள். சாவியை உடனே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காயில் சூடேறும்.

ஸ்ட்ரோப் லைட் (டைமிங் பார்க்கும் மின்னும் விளக்கு) இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்யூம் குழாயைக் கழற்றி, 600 ஆர்பிஎம்மில் 14 டிகிரி வருகிறதா என்று பார்க்கலாம். பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த வண்டி என்றால் ஸ்ட்ரோபின் சிவப்பு கிளிப் பாடிக்குத்தான் போக வேண்டும். பிளக் ஒயர் வரிசை 1-3-4-2, ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும்.

இத்தனையும் முடித்து வண்டியை ஓட்டிப் பாருங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

எஸ்யூ வேலை செய்யும் விதம்

எஸ்யூ என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன். செருப்புக் கடைக் குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் 1900-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. முதல் மாடல்களில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்தி இருந்தது என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உள்ளே தட்டு திறக்கும். இன்ஜின் இழுக்கும் இழுப்பில், மேலே குமிழ் போன்ற கூண்டுக்குள் இருக்கும் பிஸ்டன் எழும்பும். அதன் அடியில் தொங்கும் ஊசி நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். ஊசி மேலே போகப் போக, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டுக்கும் ஊசிக்கும் நடுவே இடம் கூடி, பெட்ரோலும் கூடும். எவ்வளவு காற்றோ அதற்கேற்ற பெட்ரோல். அவ்வளவுதான் விஷயம். சோக் இழுத்தால்கூட இதில் காற்றை அடைப்பதில்லை, ஜெட்டைக் கீழே இறக்கிக் கலவையைக் கெட்டியாக்குகிறது.

கார்புரேட்டரைத் தயார் செய்தல்

திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டால் வரும் புகை ஆளைக் கொல்லும். ஹேண்ட் பிரேக், நியூட்ரல், தொங்கும் சட்டைக் கை வேண்டாம். பெட்ரோல் ஹோஸ் வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பிரிட்டனில் 2021 முதல் வழக்கமான பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. 5 சதவீதத்தோடு நிற்கும் சூப்பர் பெட்ரோலே இந்த வண்டிகளுக்கு நல்லது.

ஏர் ஃபில்டர்களைக் கழற்றுங்கள். கூண்டின் மேலிருக்கும் டேம்பரை (பிஸ்டன் திடீரென எழும்பாமல் தடுக்கும் தண்டு) திருகி எடுத்துவிட்டு, விரலால் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். கீழே விழுந்து டக் என்று உலோகச் சத்தம் கேட்க வேண்டும். மந்தமாக இறங்கினால் கூண்டைக் கழற்றி, உள்பக்கத்தையும் பிஸ்டனையும் கார்புரேட்டர் கிளீனரில் துடையுங்கள். உப்புத்தாள் படவே கூடாது. ஒவ்வொரு கூண்டும் அதன் பிஸ்டனும் ஜோடி, ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை மற்றதில் போடாதீர்கள். சுத்தம் செய்தும் சத்தம் வரவில்லை என்றால் ஊசி ஜெட்டின் நடுவில் நிற்கவில்லை என்று பொருள். ஜெட்டைத் தளர்த்தி நடுவில் உட்காரவைக்க வேண்டும்.

கூண்டு கழன்றிருக்கும்போதே ஜெட்டின் ஆரம்ப நிலையை வைத்துவிடலாம். அடியில் இருக்கும் ஆறுமுக நட்டை மேலே ஏற்றி, ஜெட்டின் வாய், பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் பாலம் என்ற மேட்டோடு மட்டமாகும் வரை கொண்டுவாருங்கள். அங்கிருந்து பன்னிரண்டு முகம், அதாவது சரியாக இரண்டு சுற்று, கீழே இறக்குங்கள். இரண்டு கார்புரேட்டருக்கும் இதேதான். சோக் கேபிள் ஜெட்டை இழுத்துப் பிடித்திருக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூண்டை மாட்டி, உள்ளே தெரியும் பிஸ்டன் தண்டுக்குள் ஆயில் ஊற்றுங்கள். டேம்பரை இறக்கும்போது கையில் எதிர்ப்பு தெரிய வேண்டும். இந்த ஆயில் காலியாகிவிட்டால், திடீரென்று மிதிக்கும்போது வண்டி விக்கும். "கார்புரேட்டர் போச்சு" என்று வருபவர்களில் சிலருக்கு இரண்டு ஸ்பூன் ஆயில்தான் மருந்து.

இரண்டையும் சமன் செய்தல்

இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் தண்டுகளின் கிளாம்புகளைத் தளர்த்துங்கள், ஆக்ஸிலரேட்டர் தண்டு, சோக் தண்டு இரண்டிலும். இதைச் செய்யாமல் ஒன்றைத் திருகினால் மற்றதும் சேர்ந்து நகரும்.

ஐடிலிங் திருகு ஒவ்வொன்றையும் முழுதாக வெளியே எடுத்து, மறுபடி தொடும் வரை விட்டு, அங்கிருந்து ஒரு சுற்று உள்ளே. வண்டியை ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடாகும் வரை காத்திருங்கள். ரப்பர் குழாயின் ஒரு முனை காதில், மறு முனை கார்புரேட்டரின் வாயருகே. இஸ் என்ற காற்றுச் சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் வரும் வரை ஐடிலிங் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். இதற்கென்று மீட்டரும் விற்கிறார்கள், வசதிதான். ஆனால் காது போதும்.

எவ்வளவு திருகியும் நிலைக்கவில்லை, ஆர்பிஎம் ஏறி ஏறி இறங்குகிறது என்றால், தட்டைத் தாங்கும் தண்டு தேய்ந்து பக்கவாட்டில் காற்று புகலாம். தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் இங்கேயே நிறுத்திவிட்டு, புஷ் மாற்றித் தரும் இடத்துக்கு அனுப்புங்கள். தேய்ந்த தண்டோடு டியூன் செய்வது வீண் வேலை.

கலவை

நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே அளவில், ஒவ்வொரு முகமாகத் திருப்புங்கள். சீராக, அதிக வேகத்தில் ஓடும் இடத்தைப் பிடியுங்கள். வேகம் கூடிவிட்டால் ஐடிலிங் திருகுகளைச் சமமாகக் குறையுங்கள்.

இனி சோதனை. கார்புரேட்டரின் பக்கத்தில் பிஸ்டனைத் தூக்கும் சின்னப் பின் இருக்கும். முதலில் ஆடும் ஆட்டத்தைக் கடந்து பிஸ்டனைத் தொட்ட பிறகு, மயிரளவு, அதாவது 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி அதே அளவில் நீடித்தால் பெட்ரோல் அதிகம். வேகம் உடனே விழுந்தால் பெட்ரோல் குறைவு. சற்றே கூடி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரி. மற்ற கார்புரேட்டரிலும் இதையே செய்துவிட்டு முதலாவதைத் திரும்பப் பாருங்கள், ஒன்று மாறினால் மற்றதும் கொஞ்சம் மாறும்.

இது நீளும் வேலை. சும்மா ஐடிலிங்கிலேயே ஓடிக்கொண்டிருந்தால் பிளக் கரி பிடித்து உங்களை ஏமாற்றும். சில நிமிடத்துக்கு ஒருமுறை 2500 ஆர்பிஎம் வரை அரை நிமிடம் ஏற்றிவிட்டுத் தொடருங்கள்.

சைலன்ஸர் சத்தமும் பேசும். ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டினால் பெட்ரோல் குறைவு. தாளம் தப்பாமல் தட்டி, கறுப்புப் புகையும் வந்தால் அதிகம்.

திரும்ப மாட்டுதல்

இணைப்புத் தண்டுகளின் கிளாம்புகளை இறுக்குங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் இரண்டு தட்டும் ஒரே கணத்தில் நகர வேண்டும். கொண்டிகளில் சின்ன இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கட்டும். சோக்கை, ஜெட் நகரத் தொடங்கும் இடம் வரை மட்டும் இழுத்துப் பிடித்து, சோக்கின்போது ஐடிலிங்கைக் கூட்டும் தனித் திருகுகளில் வேகத்தை 1000 ஆர்பிஎம் அளவுக்கு வையுங்கள்.

கடைசியாக ஏர் ஃபில்டர். இதில்தான் பலர் செய்த வேலை அத்தனையும் கெடுகிறது. கார்புரேட்டரின் முகப்பில், போல்ட் துளைகளைத் தவிர இரண்டு சிறு துளைகள் உண்டு. பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கு வெளிக்காற்று போகும் வழி அது. கேஸ்கெட்டைத் தலைகீழாக மாட்டினால் அந்தத் துளைகள் அடைபட்டு, பிஸ்டன் ஒழுங்காக எழும்பாது. ஃபில்டர் இல்லாமல் அருமையாக ஓடிய வண்டி, ஃபில்டர் மாட்டியதும் இழுக்க மறுத்தால் நட்டைத் தொடாதீர்கள். ஃபில்டரைக் கழற்றி கேஸ்கெட்டைத் திருப்பிப் போடுங்கள்.