சிதறால் மலைக்கு ஒரு நாள் பஸ் பயணம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே சிதறால் மலை ஏறாதவர்கள் நிறையப் பேர். மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். ஆயிரத்து நூறு வருஷப் பழமையான சமணச் சிற்பங்கள் அங்கே பாறையில் இருக்கின்றன. எங்கள் தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு மூன்று தடவை வண்டி பேசிப் போயிருக்கிறேன். நீங்களும் போக நினைத்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

படி 1: இடங்களைக் குறையுங்கள்

முதல் தடவை திற்பரப்பு அருவி, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், கடைசியாகச் சிதறால் என்று நாலு இடம் போட்டோம். மலையடிவாரம் வந்து சேர்ந்தபோது மணி நாலரை. பாதிப்பேர் பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. ஏறினவர்களும் சிற்பத்தின் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றிருக்க மாட்டார்கள், அதற்குள் கேட் பூட்டும் நேரமாகிவிட்டது. அன்று திரும்பும்போது எனக்கு மனசே ஆறவில்லை.

அதனால் சிதறாலை முதலில் வையுங்கள். அங்கே முழுசாக இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். மத்தியானத்துக்கு மேல் இன்னொரு இடம், அவ்வளவுதான். அது அரண்மனையாக இருந்தால் திங்கட்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை.

மாதம் என்றால் ஜனவரி, பிப்ரவரி. குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நனைந்த பாறையில் வயசானவர்களை ஏற்றுவது ஆபத்து.

படி 2: வண்டி பேசுதல்

மார்த்தாண்டம் தாண்டினால் உள்சாலைகள் குறுகல். இருபது, இருபத்தைந்து பேர் என்றால் பெரிய பஸ் வேண்டாம், மினி பஸ் போதும். வாடகை நாள் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா, டிரைவர் பேட்டா அதில் சேருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாலைந்து பேர்தான் என்றால் வடசேரி பஸ் ஸ்டாண்டில் மார்த்தாண்டம் பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம்.

படி 3: புறப்பாடு

காலை ஆறரைக்கு நாகர்கோவிலை விட்டுவிட வேண்டும். ஏழரைக்கு மேல் அந்த ரோட்டில் ஊர்ந்துதான் போக முடியும். மத்தியானத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மட்டிப்பழம் ஒரு குலை வாங்கி வண்டியில் தொங்கவிட்டால் பிள்ளைகள் பசி என்று அழமாட்டார்கள். மலையில் கடை கிடையாது என்று நினைத்தே கிளம்புங்கள்.

படி 4: ஏற்றம்

கேட்டிலிருந்து மேலே சுமார் 800 மீட்டர். கல் பாவிய பாதை, நடுவில் மர நிழல் உண்டு. நிதானமாக ஏறினால் இருபது நிமிஷம். முட்டுவலிக்காரர்களை முன்னால் விடுங்கள், அவர்கள் வேகத்துக்கு மற்றவர்கள் நடக்கட்டும்.

படி 5: சிற்பங்களைப் பார்ப்பது

இதற்காகத்தான் வந்திருக்கிறோம், அவசரப்படாதீர்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய வாசல் ஒன்று வரும். அதைத் தாண்டிப் படியிறங்கினால் பாறைச் சுவரில் வரிசையாக உருவங்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் அவர் பார்சுவநாதர், சமணர்கள் வணங்கும் அருள் குருமார்களான தீர்த்தங்கரர்களில் 23-ஆமவர். உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் மூன்றடுக்குக் குடை இருக்கும், அதை முக்குடை என்பார்கள். சிங்கமும் இரண்டு குழந்தைகளும் பக்கத்தில் இருக்கிற பெண் அம்பிகா, நேமிநாதர் என்ற தீர்த்தங்கரரின் இயக்கி, அதாவது காவல் பெண் தெய்வம். நம் ஊர் இசக்கியம்மன் பெயர் இந்த ‘இயக்கி’யிலிருந்து வந்தது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. என் அத்தை அந்தக் குழந்தைகளைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே கைகூப்பிவிட்டாள்.

நேர் எதிரே நின்று மட்டும் பார்க்காதீர்கள். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால் நிழல் விழுந்து மூக்கு, உதடு, விரல் எல்லாம் தெளியும். வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து வெட்டிய இடங்களுக்கும் இதே வழிதான். போன் டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் எழுத்து மேலெழுந்து வரும். விரலால் மட்டும் தடவ வேண்டாம்.

இந்த மலையின் பழைய பெயர் திருச்சாரணத்துமலை. சாரணர் என்றால் சமண முனிவர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆவது ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்தி என்பவர் இங்குள்ள சமணப் பெண் தெய்வமான பகவதிக்குப் பொன் நகை கொடுத்ததாக ஒரு கல்வெட்டு சொல்கிறது. ‘குரத்தி’யில் இடையின ‘ர’ என்பதைக் கவனியுங்கள். அது மலைக்குறத்தி அல்ல, குரவர் என்பதன் பெண்பால். அதாவது பெண் துறவி, ஆசிரியை. கூட வருகிற பெண்பிள்ளைகளுக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள்.

பாறை கூரைபோல் நீண்டிருக்கிற குகைக்கு முன்னால் தூண் மண்டபம் கட்டியிருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் இது இந்துக்களின் பகவதி கோயிலாகிவிட்டது. மண்டபத்துக் கல்தரையில் வெயில் நேரத்திலும் குளிர்ச்சி இருக்கும், எல்லோரும் உட்கார்ந்து இளைப்பாற அதுதான் இடம்.

படி 6: உச்சியும் இறக்கமும்

பாறையின் மேல் சிதைந்த செங்கல் விமானம் ஒன்று உண்டு. அங்கிருந்து தென்னையும் ரப்பரும், தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையும், நடுவே குழித்துறையாறும் தெரியும். மேலே கைப்பிடி இல்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், சுனைப் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும். பதினொன்றரைக்குள் இறங்கிவிடுங்கள், அதற்குமேல் பாறை சுடும்.

மத்தியானத்துக்கு மேல் நாங்கள் மாத்தூர் போவோம். பரளியாற்றுக்குக் குறுக்கே 28 தூண்களின் மேல், 115 அடி உயரத்தில் போகிற வாய்க்கால் அது, 1966-இல் கட்டியது. மூன்றாவது தடவை போனபோது அங்கே நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். பஸ் கிளம்பும் முன் ஆள் எண்ணியதில் ஒருத்தர் குறைந்தார். பார்த்தால் அத்தை பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு, அந்தக் குரத்தி எந்த ஊர்க்காரி என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.