பதவி மாறினாலும் பழைய பாடத்தையே ஒப்பிப்பவர்கள்: தலைமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலாக ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்கிறவர் மனத்தில் பெரும்பாலும் ஒரே படம்தான் இருக்கும். தலைவர் என்றால் எல்லாம் தெரிந்தவர். கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருப்பார், யாரையும்விட வேகமாக வேலையை முடிப்பார், எல்லோரும் போன பிறகுதான் கிளம்புவார். அந்தப் படம் பொய்யில்லை. அப்படி உழைத்ததால்தானே பதவியே கிடைத்தது! பதவி கிடைத்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நன்றாக எழுதுகிறவர் எழுத்துக் குழுவுக்குத் தலைவராகிறார் என்று வையுங்கள். மற்றவர் கொடுத்த வரைவை இரவு உட்கார்ந்து தானே மாற்றி எழுதிவிடுகிறார். கேட்டால், "சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம், நானே செய்தால் பத்து நிமிஷம்" என்பார். கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் ஒவ்வொரு வாரமும் திரும்பி வரும். ஆறு மாதம் கழித்தும் வரைவு கொடுத்தவருக்குத் தன் எழுத்தில் என்ன குறை என்று தெரிந்திருக்காது. இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். அப்போது அதற்கு நான் வைத்திருந்த பெயர் 'பொறுப்புணர்ச்சி'.

இதில் சூடுபட்டவர்கள் அடுத்த தவறுக்குள் நேராகப் போய் விழுவார்கள். எல்லாவற்றிலும் தலையிட்டோம், அது பிடிக்கவில்லை, சரி, இனி எதிலும் தலையிடுவதில்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். கேட்டால் "நான் சுதந்திரம் கொடுத்திருக்கிறேன்" என்பார்கள்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. 1930-களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய மாணவர் ரொனால்ட் லிப்பிட்டும், ரால்ஃப் ஒயிட் என்ற சக ஆய்வாளருமாகச் சிறுவர் குழுக்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதிகாரமாக நடத்துவது, கலந்து பேசி நடத்துவது என்று இரண்டு வகைகளை ஒப்பிடுவதுதான் திட்டம். கலந்து பேசும் வகை என்று நம்பி ஒயிட் நடத்திய குழு வேறு மாதிரிப் போனது. அவர் வழிகாட்டவே இல்லை, பையன்களை அப்படியே விட்டுவிட்டார். லெவின் அதைக் கவனித்து, 'போக்கில் விடும்' தலைமை என்று மூன்றாவது வகையாகவே சேர்த்துக்கொண்டார். 1939-இல் முடிவுகள் வெளியாயின. அதிகாரக் குழுவில் தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை சரிந்தது. கலந்து பேசிய குழுவில் பெரிதாகக் குறையவில்லை. போக்கில் விட்ட குழுவிலோ வேலையே ஒழுங்காக நடக்கவில்லை. ஆய்வாளருக்கே ஏற்பட்ட மயக்கம் நமக்கு வராதா? வேலையை ஒப்படைத்தீர்களா, கைகழுவினீர்களா என்று பார்க்க எளிய வழி உண்டு. எது எப்போது, எந்தத் தரத்தில் முடிய வேண்டும், இடறினால் யாரிடம் வர வேண்டும் என்று சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் நீங்கள் கொடுத்தது சுதந்திரமில்லை.

மூன்றாவது தவறுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் அது அனுபவசாலிகளுக்கு வருவது. கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை, ஆகவே எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது. ஏப்ரல் 1961-இல் பன்றிகள் விரிகுடா வழியாகக் கியூபாவுக்குள் படையை இறக்கும் திட்டத்துக்கு அமெரிக்க அதிபர் கென்னடி ஒப்புதல் தந்தார். மூன்றே நாளில் அது படுதோல்வி. ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் தன் எதிர்ப்பை எழுத்தில் கொடுத்திருந்தும், முக்கியமான கூட்டங்களில் வாய் திறக்கவில்லை. பின்னாளில் அதற்காக வருந்தினார். அடுத்த ஆண்டு அக்டோபரில், சோவியத் யூனியன் கியூபாவில் ஏவுகணைகளை வைத்ததால் நெருக்கடி வந்தபோது அதே கென்னடி, ஆலோசனைக் கூட்டங்கள் சிலவற்றில் வேண்டுமென்றே கலந்துகொள்ளாமல் இருந்தார். தான் இல்லாத இடத்தில் தயக்கமின்றிப் பேசுவார்கள் என்பதுதான் காரணம். ஒன்றரை ஆண்டில் ஒரு மனிதருக்குத் தலைமை பற்றிய புரிதல் எவ்வளவு மாற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இதையொட்டி இன்னொன்று. மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து தருவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான எண்ணிக்கையோ அங்குதான் அதிகமாக இருந்தது. 1996-இல் வெளியான கட்டுரையில் அவர் தந்த விளக்கம்: அங்கே பிழையை ஒப்புக்கொள்ளப் பயப்படவில்லை, மற்ற இடங்களில் மறைத்தார்கள். ஆகவே உங்கள் காதுக்குக் கெட்ட செய்தியே வருவதில்லை என்றால் மகிழ்ச்சியடைய அவசரப்படாதீர்கள். இடித்துச் சொல்ல ஆளில்லை என்றுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள்.

கடைசியாக ஒரு சின்னத் தவறு: இருபது ஆண்டு பட்டுத் தெரிந்துகொண்டதை, நேற்றுப் பொறுப்பேற்றவரிடம் முடிவாக மட்டும் ஒப்படைப்பது. "அதிகாரத்தால் எதுவும் ஆகாது, கேட்கப் பழகு" என்கிறோம். தானாக ஒரு முடிவுகூட இன்னும் எடுத்திராதவருக்கு அது பின்வாங்கி நிற்க ஒரு சாக்காகிவிடும். அதற்குப் பதிலாக, அவர் வயதில் நீங்கள் எடுத்த தப்பான முடிவு ஒன்றை, யார் எப்படித் தடுக்கப் பார்த்தார்கள், நீங்கள் ஏன் கேட்கவில்லை என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். அது நினைவில் சரியாக இல்லை என்றால், அப்போது உங்களிடம் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும்.